பத்தாவது டிரிபிள்

பேஸ்பாலில் ஒரே அடியில் மூன்றாவது பேஸ் வரை ஓடிச் சேர்ந்தால் அதற்கு டிரிபிள் என்று பெயர். அமெரிக்காவில் ஒரே சீசனில் அதிக டிரிபிள் அடித்தவர்களின் பட்டியலைப் போன வாரம் செல்போனில் பார்த்தேன். முதலிடத்து ஆளை நூறு வருஷத்துக்கு மேலாக யாரும் தாண்டவில்லையாம். எனக்கு அவரைவிட, அன்றைக்கு ஓரமாக உட்கார்ந்து அதை எழுதிய ஆளின் நினைப்புதான் வந்தது. யோக்கியனாக இருந்திருப்பானா? அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பது வேறு விஷயம்.

கல்லூரி முடித்த புதிதில் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் அணியில் ஆடினேன். மைதானம் மாப்பிள்ளையூரணி தாண்டி, உப்பளத்தை ஒட்டி இருந்தது. தரை சிமெண்டு மாதிரி இறுகிக் கிடக்கும். பந்து விழுந்தால் நிற்காது. மைதானத்தின் ஓரத்தில் ஓடும் உப்பள வாய்க்காலில் விழுந்தால் இரண்டு பேஸ்தான் என்பது எங்கள் விதி. விழாமல் ஓடினால் டிரிபிள். அதனால் எங்கள் பக்கத்தில் டிரிபிளுக்குத்தான் மவுசு, சீசன் முடிவில் கேடயமும் அதற்குத்தான். ஃபீல்டர் பந்தைக் கோட்டைவிட்டதால் ஓடினால் மட்டும் அது எரர், டிரிபிளில் சேராது. ஸ்கோர் எழுதத் தனியாக ஆள் கிடையாது. ஆடிவிட்டு வந்தவளே எழுத வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெரும்பாலும் என் தலையில் கட்டிவிடுவார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு வரும்போது நானும் என் தோழியும் ஆளுக்கு ஒன்பது. அன்று நான் ஒன்று அடித்துப் பத்தாக்கிவிட்டு வந்து பேனாவை எடுத்தேன். அடுத்து அவள் அடித்தாள். பந்து, எதிரணியில் வலது ஓரத்தில் நின்ற தருவைகுளத்துப் பெண்ணுக்கு நாலடி தள்ளிப் பாய்ந்து போனது. அவள் விரல்கூட அதில் படவில்லை. தோழி மூன்றாவது பேஸில் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். நான் இரண்டு பேஸ் என்று எழுதி, மூன்றாவதை அந்தப் பெண்ணின் எரர் என்று போட்டேன். கேடயத்தைப் பங்கு போடக்கூட எனக்கு மனசு வரவில்லை.

"ஏளா, அது டிரிபிள் இல்லையா?" என்று கேட்டாள் தோழி.

"இல்லளா, அவ கைல பட்டுல்லா நழுவுச்சு."

"அப்படியா? ஓடுற வேகத்துல நான் கவனிக்கல. நீ பாத்துருப்ப."

அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. நான் மேடையேறிக் கேடயம் வாங்கியபோது என் பையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றதும் அவள்தான். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

போன மாதம் ஒரு பள்ளியில் பரிசு கொடுக்கக் கூப்பிட்டார்கள். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'ஒரே சீசனில் அதிக டிரிபிள் அடித்தவர்' என்று போட்டிருந்தது. வெட்கமில்லாமல் போனேன். அங்கே விளையாட்டு டீச்சர், அந்தத் தருவைகுளத்துப் பெண். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி என்னைக் காட்டினாள்.

"கடைசி ஆட்டத்துல நான் ஒரு பந்த விட்டேன்னு அடிக்கடி சொல்லுவேம்லா, அன்னைக்கு ஸ்கோர் எழுதுனது இந்த அக்காதான். பந்து மேல எப்பவும் கண்ணு இருக்கணும் பிள்ளைகளா. எனக்குக் கைல பட்டதே தெரியல. ஸ்கோர் ஷீட்டப் பாத்த பொறவுதான் தெரிஞ்சுது. இல்லையாக்கா?"

எல்லாப் பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன்.