மேம்பாலத்தில் போன பஸ்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் நாகர்கோவில் பஸ்ஸுக்காக நிற்கும்போதுதான் அந்த அண்ணாச்சியைப் பார்ப்பேன். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மொபைலை மூக்குவரை கொண்டுபோய்ப் படிப்பார். பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் புதுச் செயலி ஒன்றை, விற்பனைக்கு விடுமுன் பொதுமக்களிடம் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். அவரும் அதைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

பஸ் வந்துவிட்டது என்று செயலி சொல்லும். பார்த்தால், அது எங்கள் தலைக்கு மேலே பாலத்தில் போய்க்கொண்டிருக்கும். உடனே நின்ற இடத்திலேயே அந்தக் குறையைச் செயலியிலேயே எழுத ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் அவர் எழுதி முடிப்பதற்குள் கீழே நிஜமாகவே ஒரு பஸ் வந்து, ஆளேற்றிக்கொண்டு போய்விட்டது. அவரைக் கூப்பிடப் போன நானும் அதை விட்டுவிட்டேன்.

எரிச்சலோடு கேட்டேன். “அண்ணாச்சி, இதுக்குச் சம்பளம் ஏதும் தாறாவளா?”

“ஒண்ணும் கிடையாது தம்பி. ஆனா, குறையைச் சொன்னதுக்கு நன்றின்னு பதில் போடுகாவ. குறை சொன்னதுக்கு எனக்க வீட்டுலயோ ஆபீஸ்லயோ எவனாவது நன்றி சொல்லியிருக்கானா?”

போன மாதம் செயலி விற்பனைக்கு வந்தது. பாலத்தில் போகும் பஸ்ஸை அது இப்போது காட்டுவதில்லை. குறை எழுதும் இடத்தையும் எடுத்துவிட்டார்கள். நேற்று அவர் சரியான நேரத்துக்கு பஸ் ஏறி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் மொபைலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப எல்லாம் சரியாத்தான் காட்டுது” என்றார்.

வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒரு குறையை என்னிடம் சொல்வதுபோல் இருந்தது.