சிக்கந்தர் அண்ணனின் சாம்பிள் பை

“சிக்கந்தர் அண்ணன் தவறிட்டாகம்மா” என்று கம்பெனி வாட்ச்மேன் போனில் சொன்னபோது, விருதுநகரில் சிவகாசி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். முந்தின நாள்தான் ஓர் ஆர்டர் விஷயமாக என்னிடம் சிடுசிடுத்துவிட்டுப் போயிருந்தார். அழுகை வருவதற்கு முன்னால், இனி அவர் இல்லாமல் எப்படி என்ற பயம்தான் எனக்கு வந்தது.

எங்கள் பட்டாசுக் கம்பெனியின் விற்பனையைப் பார்த்தவர் அவர். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரிடம் சரக்கு எடுத்த உங்களுக்கு அவருடைய சாம்பிள் பையைத் தெரியாமல் இருக்காது. உள்ளே எல்லாம் டம்மி வெடி. வெடிமருந்துக்குப் பதில் மரத்தூள், மேலே அசல் லேபிள், அசல் திரி. “சரக்கைக் கண்ணுல காட்டாம என்னத்தப் பேச?” என்பார். கல்யாண வீட்டுக்குக்கூட அந்தப் பையோடுதான் போவார்.

சில வருடங்களுக்கு முன், சென்னையில் நடந்த டிஜிட்டல் மார்க்கெட்டிங் கண்காட்சிக்கு முதலாளி எங்கள் இருவரையும் அனுப்பினார். இன்டர்நெட்டில் எப்படி விளம்பரம் செய்வது என்று பார்த்து வரவேண்டும். நான் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். என் பெற்றோர் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் கூலிகள். யாராவது இங்கிலீஷில் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று ரயிலேறியதிலிருந்தே பதில்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அண்ணன் கையில் வழக்கமான பை. அது தப்பென்று எனக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் யார் அதைத் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

எங்கெங்கோ குண்டு வெடித்துக்கொண்டிருந்த சமயம் அது. வாசலில் எல்லாருடைய பையையும் சோதித்தார்கள். மற்றவர்கள் பையில் லேப்டாப் இருந்தது. அண்ணனின் பையிலிருந்து காவலாளி, பச்சை நூல் சுற்றிய வெடியைத் திரியோடு எடுத்தார். வரிசை மொத்தமும் பின்னால் ஓடியது.

பெயர் கேட்டார்கள். சொன்னார். கேட்ட அதிகாரியின் முகம் மாறியது.

“கூட யார் வந்தது?”

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. “யாருமில்ல சார். தனியாத்தான் வந்தேன்.”

ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் அவரை உள்ளே கூட்டிப்போனபோது பின்னாலேயே போய், “எங்க கம்பெனி அண்ணன்தான் சார், அதுல வெறும் மரத்தூள் சார்” என்று அழுதேன். என்னையும் சேர்த்து உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். இனி ஊர்ப்பக்கம் போக முடியாது என்றே நம்பினேன்.

அண்ணனுக்குச் சட்டையெல்லாம் வேர்வை. இருந்தும் என்னைத்தான் திட்டினார். “கூறுகெட்டவளே, ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டா, வெளிய இருந்து முதலாளிக்குப் போன் போட யாரு இருக்கா?”

வெடியை அறுத்துப் பார்த்தார்கள். மரத்தூள் மேசையில் கொட்டிய பிறகுதான் விட்டார்கள். கண்காட்சியைச் சுற்றினோம். கடைக்காரர்களைப் பேசியே மடக்குகிறவர், அன்றைக்கு ஒவ்வொரு ஸ்டாலிலும் கைகட்டி நின்று “சரிங்க சார், சரிங்க சார்” என்றார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ரயிலில், “வீட்டுல சொல்லிராத தாயி. பேரைக் கேட்டு உக்கார வச்சாகன்னு தெரிஞ்சா, பிள்ளைக வெளியூர் போகவே பயப்படும்” என்றார். இதுவரை சொல்லவில்லை. இன்று, இங்கே உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் சொல்கிறேன். உங்கள் அத்தா அன்றைக்கு என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார். அந்தப் பயத்திலும் எனக்காக ஒரு பொய் சொன்னார். அவர் நினைவாக நான் வைத்திருப்பது அந்தப் பொய்யைத்தான்.

அடக்கத்தன்று, பெண்கள் உள்ளே போவதில்லை என்பதால், மையவாடி வாசலில் நான் நின்றுவிட்டேன். அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். இந்த முறை நிஜமாகவே தனியாகப் போகிறாரே என்று, அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.