ஏரிக்கரையில் உட்கார்ந்த கண்டக்டர்

பஸ்ஸில் நாள் முழுக்க நின்றே டிக்கெட் கொடுக்கும் அவளுக்கு, வேலை முடிந்ததும் ஏரியைப் படமெடுப்பதில் ஆசை. ஆனால் எடுத்த படத்தில் எல்லாம் பாதிக்கு மேல் வெறும் வானம். ஏரிக்கு அப்பாலுள்ள மலை கடுகளவாய்த் தெரியும்.

அன்று மாலை கால்கள் கெஞ்சின. கரையிலேயே உட்கார்ந்து, கேமரா ஆடாமலிருக்க அதைத் தோள்பையின் மேல் வைத்தாள். அந்தத் தாழ்வில் ஈரப்பாறை ஒன்று முன்னால் பெரிதாக நின்றது. அதன் பின்னே தண்ணீர், அப்பால் மலை. எழுந்திருக்க அலுப்பாக இருந்ததால் காத்திருந்தாள். மேகம் விலகி, சாய்ந்த வெயில் பாறையில் விழுந்ததும் படமெடுத்தாள்.

வீட்டில் மகள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

“இப்பதாம்மா அங்கயே போய் நின்ன மாதிரி இருக்கு.”

“நிக்க முடியாமத்தான்டி உட்கார்ந்தேன்” என்றவள் காலை நீட்டிப் படுத்தாள். விடிந்தால் முதல் பஸ்ஸில் அவளுக்கு வேலை.