ஞாயிற்றுக்கிழமைச் சந்தேகங்கள்

டொக்டர் ஒரு கிழமை என்றுதான் சொன்னார். மயூரதனின் தாய் சிவக்கொழுந்து அதற்குப் பிறகு மூன்று வருடமும் நாலு மாதமும் உயிரோடு இருந்தாள்.

அந்த ஒரு கிழமையை நம்பித்தான் மயூரதன் பாரிசிலிருந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்கு வந்தான். 2019ஆம் ஆண்டு, ஆவணி மாதம். ஒன்பது வருடமாக விசா இல்லாமல் அங்கே இருந்தவன். அகதி வழக்கு இரண்டு தரம் தள்ளுபடியாகிவிட்டது. ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். மனைவி வினோஜாவுக்கு அங்கே இருக்க அனுமதி இருந்தது, அவனுக்கில்லை. கோயிலில் தாலி கட்டினார்களே தவிர, கலியாணத்தைப் பதியவும் இல்லை. ஒருமுறை வெளியே வந்தால் திரும்பி உள்ளே போவது கல்லில் நார் உரிக்கிற காரியம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"வெளிக்கிட்டால் வெளிக்கிட்டதுதான். யோசிச்சுச் செய்யுங்கோ," என்றாள் வினோஜா.

"அம்மாவின்ரை முகத்தை ஒருக்காப் பாக்காமல் விட்டால், பிறகு நான் மனிசனா இருக்கேலாது," என்றான் அவன்.

மகள் அக்சிகாவுக்கு அப்போது ஆறு வயது. தகப்பன் பெட்டி பூட்டுவதைப் பார்த்தபடி, ஒரு காலில் மட்டும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள்.

அவன் வந்த மூன்றாம் நாள் தாய் கண் திறந்தாள். பக்கவாதத்தால் ஒரு பக்கம் வழங்காவிட்டாலும் மகனை அடையாளம் கண்டு சிரித்தாள். தூக்கி இருத்தவும், குளிப்பாட்டவும், கரண்டியால் கஞ்சி பருக்கவும் ஆள் வேண்டியிருந்தது. அக்கா ஜெயகௌரியும் அவனும் முறை வைத்துப் பார்த்தார்கள். பிரான்சுக்கு இரண்டு தரம் விண்ணப்பித்தான். இரண்டு தரமும் முடியாது என்றே கடிதம் வந்தது. தாய் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியதைப் பார்த்து ஊர்ச்சனம் அவனைப் புகழ்ந்தது. அவனுக்கோ தாய் பிழைத்ததற்குச் சந்தோசப்படாமல் இருக்கவும் முடியவில்லை, முழுதாகச் சந்தோசப்படவும் முடியவில்லை.

வினோஜா முதலில் நாளாந்தம் கதைத்தாள். பிறகு கிழமைக்கு ஒருக்கால். மூன்றாம் வருடம் ஒருநாள், "நான் இன்னும் எவ்வளவு காலத்துக்கு இப்பிடி இருக்கிறது, சொல்லுங்கோ," என்று கேட்டாள். சண்டை எதுவும் இல்லாமலே பிரிந்தார்கள். அவளில் பிழை பிடிக்க அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அந்த மார்கழி மழையோடு தாயும் போய்ச் சேர்ந்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, விடியற்காலையில் எழும்பிச் செய்வதற்கு அவனுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

யாழ்ப்பாணம் ரவுணில் அடைக்கலநாதன் என்கிற குருநகர்க்காரர் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். பந்து, துடுப்பு, கரம் போட், சதுரங்கம், பள்ளிக்கூடப் போட்டிகளுக்கான வெற்றிக் கிண்ணங்கள். கிண்ணங்களில் பெயர் பொறிக்கிற வேலைக்கு மயூரதன் சேர்ந்தான். காலையில் பஸ்ஸில் வருவான், பின்னேரம் பஸ்ஸில் போவான். கிழமையில் மிச்சமாக இருந்தது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி. பாரிசில் அப்போது காலை பத்து. அக்சிகா வீடியோவில் வருவாள்.

"சாப்பிட்டியா குஞ்சு?"

"ஓம்."

"பள்ளிக்கூடம் எப்பிடிப் போகுது?"

"நல்லம்."

அதற்குமேல் இரண்டு பேருக்கும் கதை வராது. ஆறு நிமிடத்தில் அவள், "சரி அப்பா, வைக்கட்டா?" என்பாள். அவனும் சரி என்பான். அவளுடைய பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப்பற்றி எவ்வளவுதான் கேட்பது?

அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு ஞாயிறு, கையில் விசிறி மாதிரி ஏதோ பிடித்துக்கொண்டு வந்தாள். என்னவென்று கேட்டான். விளையாட்டுச் சீட்டுகள். மிருகங்களும் மந்திரங்களும் வரைந்தவை. ஆளுக்கு இருபது சீட்டு. என் மிருகத்தால் உன் மிருகத்தை அடிக்க வேண்டும். "இது நித்திரை கொள்ளுற கரடி அப்பா. போட்ட உடனை அடிக்காது. அடுத்த முறைதான் எழும்பும்," என்று ஒவ்வொன்றாகத் திரைக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினாள். அன்றைக்கு ஐம்பது நிமிடம் கதைத்தார்கள். வைத்த பிறகு மயூரதன் நித்திரை கொள்ளும் கரடியை ஒரு கடதாசியில் கீறிப் பார்த்தான்.

லீவுக்கு வந்த ஒருவரிடம் அவள் இரண்டு கட்டுச் சீட்டுக் கொடுத்துவிட்டாள். எல்லாம் பிரெஞ்சில். அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. நெருப்பு, கத்தி, சூடு, கெதி என்ற சொற்கள் விளங்கும். மிச்சத்தை அவளிடம் கேட்பான். கிழமை முழுக்கச் சந்தேகங்களைச் சேர்த்து ஒரு கொப்பியில் எழுதிவைப்பான். "கரடி நித்திரையா இருக்கேக்கை மற்றவன் அடிச்சால் எழும்புமோ?" அவள் அதை டீச்சர் மாதிரி விளங்கப்படுத்துவாள். விடை தெரிந்த சந்தேகங்களையும் அவன் கேட்டான். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடக் கூடாது என்று சிலவற்றை அடுத்த கிழமைக்கு மிச்சம் பிடித்தான்.

"நீங்கள் ஆரோடை அப்பா விளையாடுறனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நானும் நானும்தான். ரெண்டு பக்கமும் மாறி மாறி இருந்து."

அவள் சிரிக்கவில்லை. தங்கள் ஊர்க் கடையில் புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று போட்டி வைப்பார்கள் என்று சொன்னாள். தோற்றவரை வெளியே அனுப்புவதில்லை. தோற்றவர்கள் தோற்றவர்களோடு அடுத்த ஆட்டம் ஆடலாம். எல்லாருக்கும் நாலு ஆட்டம். தெரியாததை யாரிடமும் கேட்கலாம். "அங்கை ஒண்டு வையுங்கோ அப்பா. ஆகஸ்டிலை மாமாவின்ரை கலியாணத்துக்கு வருவம். நான் விளையாடுறன்."

அடுத்த நாளே அவன் அடைக்கலநாதனிடம் சொன்னான்.

"காட்ஸ் எண்டால் எங்கடை சனத்துக்கு ஒரு அர்த்தம்தான் தெரியும் தம்பி. பொலிஸைக் கூட்டிக்கொண்டு வருவாங்கள்," என்றார் அவர். மயூரதனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வையும். மேசை நான் ஒழுங்கு பண்ணுறன்," என்றார்.

பதினாறு பேருக்கு முந்நூற்றிருபது சீட்டு வேண்டும். மயூரதன் ஒவ்வொரு சீட்டிலும் உள்ளதைத் தமிழில் எழுதி, படத்தையும் சேர்த்துத் தடித்த தாளில் அச்சடித்து, வீட்டில் இருந்து வெட்டினான். ஜெயகௌரி மூலைகளை வட்டமாக நறுக்கிக் கொடுத்தாள். 'நித்திரைக் கரடி' என்று பெயர் வைத்ததைக் கேட்டு அக்சிகா கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு மாதத்துக்குப் போதுமாக இருந்தது அவனுக்கு.

கடை வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள்: விளையாடத் தெரியாதவர்கள் வரவும். பின்தெருவில் இருக்கும் பத்மாசினி, வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், மறுநாளே ஏறி வந்தார். "பள்ளிக்கூடப் பிள்ளையள் வந்துபோற கடையிலை சூதாட்டமோ?" என்று கேட்டார். அடைக்கலநாதன் கதிரையை இழுத்துப் போட்டு, "ஒரு கை விளையாடிப்போட்டுப் பேசுங்கோ ரீச்சர்," என்றார். "நான் ரீச்சர் இல்லை," என்று சொல்லிக்கொண்டே கதிரையில் அமர்ந்தவர், மூன்று ஆட்டம் தோற்று, நாலாவதை வென்று, பட்டியலில் முதலாவதாகப் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்.

வைகாசிக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் சுருங்கத் தொடங்கின. அக்சிகாவுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வேறு ஏதோ செய்வாள். அவனுக்கு வீட்டு முகடு மட்டும் தெரியும். சந்தேகம் கேட்டால், "நெற்றிலை பாருங்கோ அப்பா, எல்லாம் கிடக்கு," என்பாள். சோதினைக் காலம், களைப்பாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பட்டியலில் பதினாறாவது பெயராக அவளுடையதை எழுதினான்.

அவர்கள் வியாழன் வந்து பருத்தித்துறையில் வினோஜாவின் பிறந்த வீட்டில் இறங்கினார்கள். ஞாயிறு கலியாணம், திங்கள் பயணம். கலியாணத்துக்கு அவனுக்குச் சொல்லவில்லை; அவன் எதிர்பார்க்கவுமில்லை. "சனிக்கிழமை பத்து மணிக்கு உடுப்பு எடுக்க ரவுணுக்கு வருவம். அப்ப கூட்டிக்கொண்டு வாறன்," என்று வினோஜா செய்தி அனுப்பியிருந்தாள்.

சனி காலை ஒன்பது மணிக்குக் கடை நிறைந்துவிட்டது. கம்பசில் படிக்கிற பெட்டையள் நாலு பேர், ஒரு ஓட்டோக்காரர், ஒரு தாதி, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த கனடாக்காரர் ஒருவர். அக்சிகா வரும்வரை அவளுடைய இடத்தில் அடைக்கலநாதன் இருந்து, ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போட்டார். தெரியாததைச் சத்தமாகக் கேட்கலாம் என்ற விதியால் கடை முழுக்கச் சந்தை மாதிரி இரைச்சல். மயூரதன் மேசைக்கு மேசை போய் விளக்கம் சொன்னான். பத்து மணியானது. பதினொன்றானது. றோட்டில் ஒவ்வொரு வான் நிற்கிற சத்தத்துக்கும் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்க வந்தாள். அவனுடைய தோளுக்குமேல் வளர்ந்து நின்றாள். வீடியோவில் உயரம் தெரிவதில்லை.

"அப்பா," என்றாள். அவன் அவளுடைய தலையில் கை வைக்கப்போய், எட்டவேண்டியிருந்ததால் தோளில் வைத்தான். வானுக்குள் இருந்த வினோஜா கண்ணாடியை இறக்கித் தலையசைத்தாள். அவனும் அசைத்தான்.

"அரை மணித்தியாலம் நிக்கலாமாம்," என்றாள் அக்சிகா.

இரண்டாம் ஆட்டம் முடிந்திருந்தது; அடைக்கலநாதன் எழும்பி இடம் விட்டார். மயூரதன் எதிரே இருந்து சீட்டுக் கொடுத்தான். அவள் கையில் எடுத்து விரித்துப் பார்த்தாள். ஒன்றைத் திருப்பிப் பிடித்தாள். பிறகு மெல்ல, "இதிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டாள்.

அவளுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. இவ்வளவு நாளும் இது அவனுக்கு ஒருக்காலும் தோன்றவில்லை. ஒவ்வொரு சொல்லும் அவளுக்காகத்தான் என்று நினைத்து எழுதியவை. அவன் எழும்பி ஓடி, அலுமாரியிலிருந்த பழைய பிரெஞ்சுக் கட்டைக் கொண்டுவந்தான். "இது உன்ரை. இதிலை விளையாடுவம்."

இரண்டாவது முறையில் அவள் கரடியைப் போட்டாள். போட்ட கையோடு அவனுடைய ஓநாயை அடித்தாள்.

அவன் ஓநாயை எடுத்து ஒதுக்கி வைத்தான். பக்கத்து மேசையிலிருந்து பத்மாசினி எட்டிப் பார்த்து, "பிள்ளை, உது நித்திரைக் கரடி. இந்த முறை அடிக்கேலாது," என்றார்.

அக்சிகாவின் முகம் சிவந்தது. "ஓ... ஓம்," என்றாள்.

"பரவாயில்லை, அடிக்கட்டும்," என்றான் மயூரதன்.

"இல்லை அப்பா. பிழை பிழைதானே." ஓநாயைத் திருப்பி அவன் பக்கம் வைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அவன் தலையசைத்தால் போட்டாள். ஆட்டம் முடியவில்லை. வானிலிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது. அவள் சீட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக நேராக அடுக்கி வைத்தாள்.

"நான் இப்ப இதைக் கனக்க விளையாடுறேல்லை அப்பா. சிநேகிதிகளும் விட்டிட்டினம்."

"அதுக்கென்ன குஞ்சு."

"எண்டாலும் நல்லாச் செய்திருக்கிறீங்கள். இவ்வளவு பேர்." அவனைக் கட்டிப்பிடித்தாள். தெரியாத ஒரு சவர்க்கார வாசம் அடித்தது. வான் திரும்பி மறைந்த பிறகு அவன் உள்ளே வந்து மூன்றாம், நாலாம் ஆட்டங்களை நடத்தி முடித்தான். தாதிதான் முதலாவதாக வந்தாள். அவளுடைய பெயரைக் கிண்ணத்தில் பொறிக்கும்போது கண் வாசலுக்குப் போய் ஓர் எழுத்துச் சரிந்துவிட்டது. "உதுவும் ஒரு வடிவுதான்," என்றாள் அவள்.

திங்கள் பின்னேரம் அவர்கள் விமான நிலையத்தில் இருக்கும் நேரம் பார்த்து வினோஜாவுக்கு எடுத்தான். குரல் வழியாக அவளோடு கதைத்து இரண்டு வருடத்துக்கு மேல்.

"பிள்ளையை நல்லா வளத்திருக்கிறாய். அதைத்தான் சொல்ல எடுத்தனான்."

அந்தப் பக்கம் அறிவித்தல்களின் இரைச்சல்.

"நாங்கள் அண்டைக்குப் பிந்தினது உடுப்புக்கடையாலை இல்லை," என்றாள் வினோஜா. "உங்கடை கடைக்கு வாற வழியிலை வானை நிப்பாட்டச் சொன்னவள். அந்த விளையாட்டு எப்பிடி எண்டு போனிலை தேடிப் பாத்துக்கொண்டிருந்தவள், ஒரு மணித்தியாலமா. எல்லாம் மறந்துபோச்சம்மா, அப்பாவுக்குத் தெரிஞ்சிடும் எண்டு அழுதவள். அவளிட்டைக் கேட்டிடாதேங்கோ."

"கேக்கமாட்டன்," என்றான். விமானத்துக்குப் பயணிகளைக் கூப்பிட்டார்கள்.

மயூரதனுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. ஞாயிறு ஒன்றரை மணிக்கு அழைப்பு வருவது குறைந்துவிட்டது. கிழமைக்கு ஒன்றாக அவள் குறுஞ்செய்தி அனுப்புகிறாள், ஒரு படமோ இரண்டு வரியோ. அவன் உடனே பதில் போட்டுவிடுவான். கடையில் மாதத்தின் இரண்டாம் சனி போட்டி தவறாமல் நடக்கிறது. பத்மாசினிதான் முன்னுக்கு நின்று நடத்துகிறார். புதிதாக வருகிறவர்களை அவரே மேசைக்குக் கூட்டிப்போய் இருத்துகிறார். மயூரதன் வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பான். ஆள் குறைகிற நாட்களில் அடைக்கலநாதன் கேட்பார்:

"வாருமன் மயூரதன், ஒரு கை."

"நீங்கள் விளையாடுங்கோ அண்ணை. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."