கார்டில் இருந்த உப்பு

இன்று பழைய கணினியைத் திறந்ததும் எழுந்த சூடேறிய தூசியின் மணம், சுனாமிக்கு அடுத்த வருடம் கல்முனையில் காக்கா என்று நான் அழைக்கும் என் மூத்த அண்ணன் நடத்திய, இப்போது இல்லாத, கேம் கடைக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. எங்கிருந்தோ வாங்கிவந்த கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுவதும், அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் அழிறப்பரால் தேய்ப்பதும், மீண்டும் செருகுவதுமாக அவர் இருக்க, திரை கறுப்பாகவே கிடந்தது. உம்மா வாசலை விட்டு அசையவில்லை.

"கடல் அடிச்ச ஊட்டுச் சாமானாடா இது? கடல் கொண்டுபோய் மௌத்தானவங்கட பொருள் நமக்கு வேணாம்."

"இல்ல உம்மா, கொழும்புல வாங்கின."

கடைசியில் காக்கா மானிட்டர் வயரைக் கணினியின் பழைய துளையிலிருந்து கழற்றிப் புதிய கார்டின் துளையில் மாட்டியதும் நிறங்கள் பொங்கின. உம்மா திரையைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து, மேசையில் கிடந்த அழிறப்பர்த் துகளில் விரலை ஒற்றி நாக்கில் வைத்தார்.

"உப்புக் கரிக்குது."

எங்கள் ஊரில் கதவுக் கொண்டியை நக்கினாலும் உப்புத்தான் கரிக்கும். அந்தச் சாக்கைக்கூடச் சொல்லாமல், காக்கா மீதித் துகளை உள்ளங்கையால் கூட்டி எடுத்தார்.