கனமூலத்தின் மூன்று

புதுக்கோட்டையில் போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையம் ஒன்றில், இணையத் தேர்வுக்கான கணக்கு வினாத்தாள்களை அடித்துக் கொடுப்பது என் வேலை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நிலையத்தை நடத்தும் சார் கையால் எழுதித் தரும் தாளைப் பார்த்து, அதில் உள்ளதுபோலவே திரையில் வரும்படி அடித்துவிடுவேன். அதற்கு முன் பல வருடம் கல்யாணப் பத்திரிகை அடித்த கை.

நான் அடித்ததைத் தளத்தில் ஏற்றுவது எதிர் மேசைப் பெண். கல்லூரி முடித்து முதல் வேலைக்கு வந்தவள். வீட்டில் அழுது அனுமதி வாங்கி வந்ததாகச் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை நின்றால் மறுபடி வேலைக்கு விடமாட்டார்களாம்.

ஒரு தேர்வில் 4∛8 என்று ஒரு கேள்வி. மாணவர்களின் செல்போனில் அந்தச் சின்ன மூன்று மூலக்குறியின் மடியில் இல்லை. நகர்ந்துபோய் நான்கின் தலையில் உட்கார்ந்திருந்தது. நான்கின் கனத்தை எட்டின் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பார்த்தவர்களுக்கு எந்த விடையும் பொருந்தவில்லை. சண்டைக்கு வந்துவிட்டார்கள். அடுத்த வாரமும் அப்படியே ஒன்று.

என் திரையில் மூன்று சரியான இடத்தில் இருந்தது. பிறகு எப்படி நகரும்? நடுவில் கை வைக்கக்கூடியவள் ஒருத்திதான். நான் பக்கத்தில் போனால் அவள் சட்டென்று வேறு பக்கம் திறப்பதாகத் தோன்றியது. சாப்பிடப் போகும்போது கணினியைப் பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்தேன். அவள் சிரித்தால்கூட, எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசித்தேன். நேரில் கேட்க வாய் வரவில்லை. நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

மூன்றாவது முறையும் நடந்தபோது சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்: “நான் அடிச்சது சரியாத்தான் இருக்கு சார். அப்புறம் யாரு கைக்குப் போகுதுன்னு ஒங்களுக்கே தெரியும்.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு என் மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். நான் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று திருமயம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் இன்னும் என்னவெல்லாம் மாற்றியிருக்கிறாள் என்று பார்க்கத்தான் செல்போனில் அந்தத் தேர்வைத் திறந்தேன். மூன்று நான்கின் தலையில் இருந்தது. எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று போனைக் குறுக்கே திருப்பினேன். மூன்று நகர்ந்து மூலக்குறியின் மடிக்கு வந்தது. நிமிர்த்தினேன். திரும்பவும் நான்கின் மேல் ஏறியது.

நாலைந்து முறை திருப்பிப் பார்த்தேன். கனமூலத்துக்கென்று தனிக் கட்டளை ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. வர்க்கமூலக் குறியைப் போட்டு, மூன்றைத் தனியாகச் சிறிதாக்கி மேலே தூக்கி, ஸ்பேஸ் தட்டித் தட்டிக் குறியோடு ஒட்டவைப்பேன். பத்திரிகையில் பெயர்களை அப்படித்தான் நேர் செய்வோம். காகிதத்தில் அது நகராது. இது திரையின் அகலத்துக்குத் தக்கபடி நகர்ந்திருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. சாரிடம் போனைத் திருப்பிக் காட்டினேன்.

“அப்ப அந்தப் புள்ள கை வைக்கலையா?”

“இல்ல சார். என் வேலைதான்.”

“நேத்து இப்படிச் சொல்லலையே நீங்க.”

அவர் அவளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். நான் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“எங்க அப்பாகிட்ட ஒரு தடவ சொல்றீங்களா? நான் ஏதோ தப்புத்தண்டா பண்ணிட்டேன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காரு.”

அவள் அப்பாவிடமும் சொன்னேன். அந்நிய ஆம்பளையிடம் அவ்வளவு நேரம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. நான் சொல்லி முடித்ததும், யாராவது இப்படிச் சொல்லச் சொன்னார்களா என்று கேட்டார்.

சார் திரும்பக் கூப்பிட, இரண்டு நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். இப்போது கட்டளையைச் சரியாகத்தான் போடுகிறேன். ஆனாலும் நான் அடித்த கோப்பை என்னிடம் வாங்கும் முன், தன் போனை எடுத்து என் திரையை ஒரு படம் பிடித்துக்கொள்கிறாள். நான் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு வழிவிடுகிறேன்.