தோணிக்காரியின் இரண்டாம் பாகம்

ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டியதும் அப்துல் கபூரின் புடவைக் கடை. அதன் மேல்மாடியில் இரண்டு கம்பியூட்டர், ஒரு மின்விசிறி, கால் ஆடும் ஒரு மேசை. கம்பனி என்றால் இவ்வளவுதான். விஜிதரன் புரோகிராம் எழுதுவான், கபூரின் மகன் அக்ரம் படம் வரைவான். இருவரும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். கொழும்புக்குப் போயிருந்தால் மாதச் சம்பளம் வந்திருக்கும். ஆசை யாரை விட்டது? தமிழில் ஒரு கம்பியூட்டர் விளையாட்டுச் செய்தே தீருவது என்று குந்திவிட்டார்கள்.

சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. விளையாட்டுக்குத் 'தோணிக்காரி' என்று பெயர் வைத்தார்கள். ஒரு சிறுமி வாவியில் தோணி வலித்துப் போய், முதலைக்குத் தப்பி, இறால் அள்ளிக்கொண்டு கரை சேர வேண்டும். சிறுமிக்குக் குரல் வேண்டுமே. தொழில் பழகிய ஆளைக் கொண்டு பேச வைக்க வசதியில்லை. மதியத்தில் சோற்றுப் பார்சல் கொண்டுவரும் சீதேவிப்பிள்ளைக்கு நிருஷா என்று ஒரு மகள் இருந்தாள். வாய் மூடாத பிள்ளை. அவளைப் பிடித்து உட்காரவைத்து, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, வியர்த்து வடிய ஒரு பின்னேரம் முழுக்கப் பேசவைத்தார்கள். கூலி ஐஸ்கிறீம். தேவையான ஒரு டசின் வசனத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை விஜிதரன் அன்றே அழித்துவிட்டான். கம்பியூட்டரில் இடம் போதாது. அவள் சிரித்ததும் அக்ரமோடு சண்டை பிடித்ததும் அதோடு போயின.

இரண்டாயிரத்து நான்கு மார்கழி விடுமுறைக்கு நிருஷாவை மாங்கேணியில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கடல் வந்தது. வீடு இருந்த இடத்தில் மணல்தான் மிஞ்சியது. பிள்ளையின் உடம்பும் கிடைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து சீதேவிப்பிள்ளை பழையபடி பார்சலோடு படியேறி வந்தாள். புருஷன் இல்லாதவள், உலை வைக்காவிட்டால் அவளுக்கும் சோறில்லை. பார்சலை மேசையில் வைத்துவிட்டு, பிள்ளையின் குரலை ஒரு தடவை போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டாள். விஜிதரன் போட்டான். அன்றிலிருந்து தினமும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த ஒரு டசின் வசனத்தையும் கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள். அழமாட்டாள்.

பிறகு சண்டை திரும்ப வந்தது. வாகரைப் பக்கத்துச் சனம் மூட்டை முடிச்சோடு வந்து பள்ளிக்கூடங்களில் கிடந்தது. கரண்டும் இல்லை, வியாபாரமும் இல்லை. ஹர்த்தால் என்றால் விஜிதரன் பாலத்தின் அந்தப் பக்கம் தமிழரோடு, அக்ரம் இந்தப் பக்கம் முஸ்லிம்களோடு. ஆனாலும் சீடி எப்படியோ கடல் தாண்டிவிட்டது. கனடாவில் கடை வைத்திருந்த வினாயகமூர்த்தி என்பவர் கட்டுக்கட்டாக எடுப்பித்தார். அங்கேயுள்ள பிள்ளைகள் அந்தச் சிறுமியைப் பார்த்துத்தான் தமிழ் பேசுகிறார்களாம். போன் எடுக்கும்போதெல்லாம் இரண்டாம் பாகம் எப்போது என்பார். கடல் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், திருவிழா வேண்டும். இரண்டு பேர் இருக்கும் கம்பனியிடம் இரண்டாயிரம் பேர் செய்யும் வேலையைக் கேட்பதில் வாடிக்கையாளருக்கு என்ன கஷ்டம்? கடைசியில் ஒன்றைக் கட்டாயம் சொல்வார்: அதே பிள்ளை பேச வேண்டும், வேறு குரல் என்றால் தனக்கு வேண்டாம்.

அந்தப் பிள்ளை இல்லை என்று விஜிதரன் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் வியாபாரம் போய்விடும் என்ற பயம் முன்னால் வந்து நின்றது.

இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கத்தில், வடக்கே சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்தபோது, கபூர் தன் பேச்சைத் தொடங்கினார். பாதை திறந்தால் வியாபாரம் பெருகும், மேல்மாடி சாமான் வைக்கத் தேவைப்படும். இரண்டாம் பாகம் விற்றால் இருக்கலாம், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். அக்ரம்தான் வழி சொன்னான். இருக்கிற வசனங்களைச் சொல் சொல்லாக வெட்டி, மாற்றி ஒட்டினால் புது வசனம் வரும். போதாததற்குத் தன் கூடப்பிறந்த ராத்தாவின் மகள் இன்ஷிராவைப் பேசவைத்து, குரலைக் கொஞ்சம் திருத்திக் கலக்கலாம்.

விஜிதரன் அவனோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே வெட்டத் தொடங்கினான். பிணத்துக்குப் பவுடர் பூசுகிறோம் என்று தோன்றியது. தோன்றி என்ன, கை நிற்கவில்லை. சித்திரையில் சீடி போனது. பிள்ளை நன்றாக வளர்ந்துவிட்டாள் போலிருக்கிறது என்று வினாயகமூர்த்தி போனில் சந்தோஷப்பட்டார்.

மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள். வீடுகளுக்குள் சனம் ரேடியோவைக் குறைத்து வைத்துக்கொண்டு, வன்னியில் யார் மிஞ்சினார்கள் என்று கேட்க ஆளில்லாமல் இருந்தது. அந்த நாட்களில் ஒன்றில்தான் அக்ரம் இரண்டாம் பாகத்தை ஓடவிட்டிருக்க, சீதேவிப்பிள்ளை பார்சலோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"இது நான் கேக்காத கத, தம்பி."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இனி வராது. ஆனால் பழைய பதிவில் கொஞ்சம் கிடந்தது, இப்போதுதான் அகப்பட்டது என்று விஜிதரன் சொன்னான். அவளுடைய முகம் விரிந்ததைப் பார்த்தவன் எவனும் அந்தப் பொய்யைத் திருப்பி எடுத்திருக்கமாட்டான். அதன் பிறகு அவள் நேரத்தோடே வரத் தொடங்கினாள். வேறென்ன பேசினாள், இவ்வளவு கதை எப்போது பேசினாள் என்று கேட்பாள். அவன் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். தான் உலையோடு மாரடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளை இங்கே எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறாள் என்று கீழே கபூரிடமும் சொன்னாளாம். பிறகு ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"என்னக் கூப்பிட்டது எங்கயாவது கிடக்கா?"

தேடிப் பார்க்கிறேன் என்றான். அவள் படியிறங்கியதும் அக்ரம் மேசைக்கு வந்தான்.

"கனடாக் கடைக்காரனுக்குச் செஞ்சது வேற மச்சான். இது தாய். வேணாம்."

விஜிதரன் கேட்கவில்லை. இத்தனை வாடிக்கையாளருக்கும் கேட்டதையெல்லாம் கொடுத்தாயிற்று, கேட்கிற உரிமை உள்ளவள் ஒருத்திக்கு மட்டும் இல்லை என்பதா? பின்னேரம் முழுக்க உட்கார்ந்து செய்தான். தொடக்கம் நிருஷாவுடையது, மிச்சம் இன்ஷிராவுடையது. செய்ததிலெல்லாம் அதுதான் திறமாக வந்தது.

மறுநாள் சீதேவிப்பிள்ளை தோய்த்து மடித்த சேலையில் வந்தாள். பார்சல் பையைக் கையிலிருந்து இறக்காமலே உட்கார்ந்தாள். அவன் போட்டான்.

"அம்மா."

அவள் இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டான்.

"அவ என்ன அம்மா எண்டு கூப்பிர்றதில்ல, தம்பி. சாதகம் தாய்க்கு ஆகாதெண்டு சாத்திரக்காரர் சொன்னாரு. அம்மா எண்டு கூப்பிட்டா எனக்கு ஆபத்தாம். பேசத் தொடங்கின நாள்ள இருந்து அக்கா எண்டுதான் பழக்கினன். ஒருக்கா வாய் தவறிச் சொன்னதுக்கு வாயிலயே அடிச்சன். அதுக்குப் பொறகு சொன்னதே இல்ல."

நிருஷா அவளை அக்கா என்று கூப்பிட்டதை விஜிதரன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது, அதைப் பார்த்துப் பிள்ளையும் கூப்பிடுகிறது, வீட்டுக்குள் அம்மா என்றுதான் சொல்லும் என்று நினைத்திருந்தான். ஏனென்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"மத்தக் கதயளும் இப்பிடித்தானா?"

"ஓம் அக்கா."

அவன் அவசர அவசரமாக, முதல் பாகம் அப்படியில்லை, அது அவளே பேசியது, அதில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை என்று சத்தியம் பண்ணினான். அக்ரமும் பண்ணினான். அந்த ஒரு டசின் வசனத்தையும் ஒன்றுவிடாமல் போட்டான். சீதேவிப்பிள்ளை, அடுத்த வீட்டுப் பிள்ளை பேசுவதைக் கேட்பதுபோல, மரியாதையாகக் கடைசிவரை கேட்டாள். பிறகு எழுந்து பார்சல்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதும் நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க, தம்பி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.